ஆங்கில வாக்கியத்தில் 'ஆனால்' எங்கே நிற்கிறது?

குமுளிக்கு அப்பால், ஏலத்தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் மாறி மாறி வரும் மலைப்பாதையில் என் உறவினர் ஒருவரின் இல்லம் உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் அங்குச் சென்றிருந்தேன். நான் மைய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன் என்பதை அவ்வீட்டார் அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தனர் போலும். அன்று மாலையே முதியவர் ஒருவர், மடித்து மடித்து நைந்துபோன கடிதம் ஒன்றைக் கையில் ஏந்தி வந்தார். தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வுபெற்றவர். பணிக்கொடை வேண்டி விண்ணப்பித்திருந்தார். மறுமொழி ஆங்கிலத்தில் வந்திருந்தது.

"பேரன் படிச்சுச் சொன்னான் ஐயா. மூணு வருஷத்துக் காகிதம் வந்து சேரலையாம். அதனாலே பணம் இல்லையாம். அந்தக் காகிதத்துக்கு இனிமே நான் எங்கே போவேன்?" என்றார் அவர்.

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்த வாக்கியத்தை ஒலிக்கும்படியே தருகிறேன்: 'யுவர் கிளெய்ம் ஹாஸ் பீன் அட்மிட்டட், ஆல்தோ தி பேப்பர்ஸ் ஃபார் த்ரீ இயர்ஸ் ஹாவ் நாட் பீன் ரிசீவ்ட்.' இதன் பொருள் யாது? 'மூன்று ஆண்டுகளுக்குரிய தாள்கள் வந்து சேரவில்லையாயினும், தங்கள் கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்பதாகும். அடுத்த வரியில், பதினைந்து நாட்களுக்குள் நேரில் வந்து கையெழுத்திட்டுத் தொகையைப் பெற்றுக்கொள்ளுமாறு எழுதியிருந்தது. அவற்றுள் ஒன்பது நாட்கள் கழிந்துவிட்டிருந்தன.

பேரனுக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவன். அவ்வாக்கியத்தில் இருந்த ஒவ்வொரு சொல்லின் பொருளையும் நான் கேட்டபோது தட்டின்றிச் சொன்னான். அவன் தவறியது ஓரிடத்தில்தான். வாக்கியத்தின் கடைசியில் எது நின்றதோ அதுவே கடிதத்தின் தீர்ப்பு என்று கொண்டுவிட்டான். தமிழ் பேசி வளர்ந்த எவரும் அவ்வாறு கொள்வது இயல்பே. நம் மொழியின் அமைப்பு அப்படிப்பட்டது.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ் மக்கள் நாள்தோறும் ஆங்கிலத்தின் துணையை நாட வேண்டியிருக்கிறது. பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலும் இடுக்கி மலைகளிலும் வாழ்வோர்க்கும், மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் குடியேறியோர்க்கும் இது பொருந்தும். வங்கியிலிருந்தும், மின்வாரியத்திலிருந்தும், பள்ளியிலிருந்தும், தொழில் நிலையத்திலிருந்தும் வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. அக்கடிதங்களில் ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்கும் வாக்கியங்களே மிகுதி. ஆகவே, இரு கருத்துகளை முரணாக இணைக்கும் ஆங்கிலச் சொற்கள் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் நம் மொழியை நோக்குவோம். தமிழில் முரண்பட்ட இரு செய்திகளை இணைப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இரு வாக்கியங்களுக்கு நடுவே 'ஆனால்' என்பதையோ, 'ஆயினும்', 'எனினும்' என்பவற்றையோ நிறுத்துவது. மற்றொன்று, முதற்செய்தியின் வினையோடு 'உம்' என்னும் இடைச்சொல்லைச் சேர்ப்பது. 'மழை பெய்தால்' என்பது நிபந்தனை. 'மழை பெய்தாலும்' என்றவுடன் அந்த நிபந்தனை செயலற்றுப் போகிறது. ஓர் உம்மை இவ்வளவு செய்கிறது. தொல்காப்பியர் இடையியலில் உம்மைக்கு எட்டுப் பொருள்களை வகுத்துரைத்தார். அவற்றுள் எதிர்மறையும் ஒன்று. நன்னூலாரும் எட்டே கூறினார்.

இவ்விரு வழிகளிலும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. விட்டுக்கொடுக்கும் செய்தி முன்னே வரும். உறுதிப்படுத்தும் செய்தி பின்னே வரும். முற்றுவினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். திருமணத்திற்குப் பெண் பார்க்கும் வீட்டில், 'பையன் கோபக்காரன், ஆனால் நல்லவன்' என்று சொன்னால் பேச்சு மேலே நடக்கும். 'பையன் நல்லவன், ஆனால் கோபக்காரன்' என்று சொன்னால் பெண்ணின் தாயார் முகம் மாறிவிடும். இரு கூற்றிலும் செய்திகள் ஒன்றே. பின்னால் நின்றது எதுவோ அதுவே கேட்போர் மனத்தில் தங்குகிறது. தமிழ்ச் செவி இதற்குப் பழகியது.

ஆங்கிலத்தில் 'பட்' என்னும் சொல்லும் நம் 'ஆனால்' போலவே நடந்துகொள்கிறது. அது இரு வாக்கியங்களின் நடுவே நிற்கும். அதற்குப் பின் வருவதே வலிமை உடையது. இதில் நமக்குத் தொல்லை இல்லை. தொல்லை 'ஆல்தோ', 'தோ', 'ஈவன் தோ' என்னும் சொற்களில் தொடங்குகிறது. இவை மூன்றும் பொருளால் ஏறத்தாழ ஒன்றே. 'ஈவன் தோ' என்பதில் அழுத்தம் சற்றுக் கூடுதல். இச்சொற்கள் விட்டுக்கொடுக்கும் செய்தியின் தலையில் அமர்கின்றன. அவ்வாறு அமர்ந்த பின் அச்செய்தி வாக்கியத்தின் முன்னேயும் வரலாம், பின்னேயும் வரலாம். எங்கே வந்தாலும் அது விட்டுக்கொடுக்கப்பட்ட செய்தியே. தீர்ப்பு மற்றப் பகுதியில்தான் இருக்கும்.

எல்லைப்புறத்து உண்மை ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பரம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது. ஆயினும் அங்குச் செல்லும் பேருந்துச் சாலை பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டின் வழியாகவே செல்கிறது. பாலக்காட்டிலிருந்து புறப்படுபவர்கூட மாநில எல்லையைக் கடந்து, மீண்டும் எல்லையைக் கடந்தே அவ்வூரை அடைகிறார். இச்செய்தியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லலாம்?

'பரம்பிக்குளம் இஸ் இன் கேரளா, பட் தி ரோட் கோஸ் த்ரூ தமிழ்நாடு' என்பது ஒரு முறை. 'ஆல்தோ பரம்பிக்குளம் இஸ் இன் கேரளா, தி ரோட் கோஸ் த்ரூ தமிழ்நாடு' என்பது இரண்டாம் முறை. 'தி ரோட் கோஸ் த்ரூ தமிழ்நாடு, ஆல்தோ பரம்பிக்குளம் இஸ் இன் கேரளா' என்பது மூன்றாம் முறை. மூன்றிலும் பேசுவோர் வற்புறுத்துவது சாலையைப் பற்றிய செய்தியையே. மூன்றாவதில் கேரளம் என்ற சொல் கடைசியில் வந்துவிட்டதே என்று மயங்கக்கூடாது. 'ஆல்தோ' யார் தலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் முதியவரின் கடிதமும் இந்த மூன்றாம் முறையில் எழுதப்பட்டதே. 'ஆல்தோ' தாள்களின் தலையில் இருந்தது; ஆகவே தாள்கள் விட்டுக்கொடுக்கப்பட்டன. கோரிக்கையின் தலையில் அச்சொல் இல்லை. ஆகவே கோரிக்கை நின்றது.

இப்போது சொல்லை இடம் மாற்றிப் பாருங்கள். 'ஆல்தோ யுவர் கிளெய்ம் ஹாஸ் பீன் அட்மிட்டட், தி பேப்பர்ஸ் ஹாவ் நாட் பீன் ரிசீவ்ட்' என்று எழுதியிருந்தால், 'கோரிக்கை ஏற்கப்பட்டிருந்தாலும் தாள்கள் வரவில்லை' என்றாகிவிடும். பணம் தடைப்பட்டு நிற்கிறது என்று அஞ்ச அப்போது இடமுண்டு. ஒரு சொல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்திற்குப் போனால் ஒரு குடும்பத்தின் நம்பிக்கையும் அதனோடு போகிறது. இதனால்தான் இச்சொற்களை இலக்கணப் பாடத்தின் சிறு பகுதி என்று ஒதுக்கிவிடுதல் தகாது என்கிறேன்.

அடுத்து, நாம் எழுதும்போது நேரும் பிழை ஒன்றைக் கூறவேண்டும். 'ஆல்தோ ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஆனஸ்ட்' என்று நம்மவர் பலர் எழுதுகின்றனர். 'ஆல்தோ' வந்த வாக்கியத்தில் 'பட்' வருதல் கூடாது. இரண்டில் ஒன்றே போதும். இப்பிழை எதனால் நேர்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டு. தமிழில் 'ஏழையாக இருந்தாலும் நேர்மையானவர்' என்கிறோம். முரணைக் காட்டும் உம்மை முதற்செய்தியின் ஈற்றில், அதாவது இரு செய்திகளும் கூடுகின்ற மூட்டுவாயில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஆல்தோ' வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்து போய்விடுகிறது. நாம் மூட்டுவாய்க்கு வந்து சேரும்போது அங்கு ஒன்றுமில்லாத வெறுமை தென்படுகிறது. அவ்வெறுமையை நிரப்பவே கை தானாக ஒரு 'பட்' எழுதிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவ்விடத்தில் ஒரு காற்புள்ளி இட்டால் போதும். பழைய ஆங்கில நூல்களில் 'தோ' என்று தொடங்கி 'யெட்' என்று இணைக்கும் வழக்கு உண்டு, அது பிழையன்று. எனினும் அன்றாடக் கடிதங்களுக்கு அது வேண்டுவதில்லை.

இதனினும் நுட்பமான வேறுபாடு ஒன்று உள்ளது. நம் 'ஆலும்' என்னும் ஈறு இரண்டு வேலைகளைச் செய்கிறது. 'நாளை மழை பெய்தாலும் பேருந்து வரும்' என்கிறோம். மழை பெய்யுமோ பெய்யாதோ தெரியாது. 'உடல் நலமில்லாமல் இருந்தாலும் நேற்று வேலைக்குப் போனார்' என்றும் சொல்கிறோம். நலமில்லாமல் இருந்தது நடந்த உண்மை. ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்துவிடுகிறது. நடந்த உண்மையை விட்டுக்கொடுத்தால் 'ஆல்தோ'. நடக்குமோ நடக்காதோ என்று இருப்பதை விட்டுக்கொடுத்தால் 'ஈவன் இஃப்'.

இவ்வேறுபாட்டை அறியாமல் கையெழுத்திட்டால் இழப்பு நேரிடும். தோட்டத் தொழிலாளி ஒருவருக்காக அவர் மகள் முறையீடு எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'முன்பணம் கொடுத்திருந்தாலும் அதனை இதில் கழிக்கலாகாது' என்பது அவள் கருத்து. முன்பணம் வாங்கியதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வேளை கொடுத்திருந்தாலும் என்றே சொல்ல நினைக்கிறாள். அதனை 'ஆல்தோ அன் அட்வான்ஸ் வாஸ் பெய்ட்' என்று எழுதிவிட்டால், முன்பணம் வாங்கியது உண்மை என்று தானே எழுத்தில் ஒப்புக்கொண்டவளாகிறாள். 'ஈவன் இஃப் அன் அட்வான்ஸ் வாஸ் பெய்ட்' என்றால்தான் அவ்வொப்புதல் இல்லாமல் வாதம் நிற்கும்.

இனி மூன்றாம் வகை. 'ஹவெவர்', 'நெவர்தலெஸ்' என்னும் சொற்கள் நம் 'எனினும்', 'இருப்பினும்' போன்றவை. இவை தனித்து நிற்கும் தன்மையுடையன. இவற்றிற்கு முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வரவேண்டும். பின் காற்புள்ளி வரவேண்டும். அலுவலகக் கடிதங்களில் 'ஹவெவர்' புதிய வாக்கியத்தின் தொடக்கத்தில் வருவது மிகுதி. ஒரு பத்தி முழுவதும் நம்மைப் பாராட்டிவிட்டு, அடுத்த வாக்கியம் 'ஹவெவர்' என்று தொடங்கினால், கடிதத்தின் உண்மையான செய்தி அங்கேதான் இருக்கிறது என்று கொள்ளலாம்.

நான்காம் வகை பெயர்ச்சொல்லோடு சேர்வது. 'டெஸ்பைட்', 'இன் ஸ்பைட் ஆஃப்' என்பன இவை. 'டெஸ்பைட் தி ரெயின்' என்றால் 'மழையையும் பொருட்படுத்தாமல்' என்பது பொருள். 'ஸ்பைட்' என்பதற்குப் பின்னரே 'ஆஃப்' வரும். 'டெஸ்பைட்' என்பதற்குப் பின் அது வராது. 'டெஸ்பைட் ஆஃப்' என்று எழுதுதல் பிழை.

'ஒயில்' என்னும் சொல்லையும் இங்குக் குறிப்பிட வேண்டும். இதற்கு 'அப்பொழுது' என்னும் காலப்பொருளும் உண்டு. 'இது இவ்வாறிருக்க, அது அவ்வாறு' என்னும் ஒப்பீட்டுப் பொருளும் உண்டு. மூணாற்றில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கிறது. மலைத்தொடருக்கு மறுபுறம் மழைமறைவில் இருக்கும் மறையூரில் மழை குறைவு. 'மூணாறு கெட்ஸ் ஹெவி ரெயின், ஒயில் மறையூர் கெட்ஸ் லிட்டில்' என்று இதனைச் சொல்லலாம். இங்கு 'ஒயில்' என்பதற்குக் காலப்பொருள் கொண்டால் வாக்கியம் பொருளற்றுப் போகும். இவ்விடத்தில் 'வேர்ஆஸ்' என்ற சொல்லையும் பயன்படுத்தலாம். ஆனால் வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம் முதலியவற்றின் தொடக்கத்தில் 'வேர்ஆஸ்' வரும்போது அதில் முரண் ஏதும் இல்லை. 'பின்வரும் செய்தி உண்மையாக இருத்தலின்' என்று முன்னுரை கூறும் சொல்லாகவே அது அங்கு நிற்கிறது.

'பட்' என்பதும் எப்போதும் 'ஆனால்' ஆகிவிடுவதில்லை. 'ஆல் பட் டூ ஆஃப் தி லயம்ஸ் ஹாவ் பீன் ரிப்பேர்ட்' என்று ஒரு தோட்ட அறிவிப்பு சொல்லுமானால், இரண்டு லயங்கள் நீங்கலாக மற்றவை யாவும் பழுது பார்க்கப்பட்டன என்பது பொருள். அந்த இரண்டில் நம் குடியிருப்பு இருக்கிறதா என்று கேட்பது நம் பொறுப்பு. 'தி ரோட் இஸ் ஆல் பட் குளோஸ்ட்' என்றால் சாலை ஏறத்தாழ மூடப்பட்டுவிட்டது என்று பொருள். 'நத்திங் பட்' என்றால் 'அதனைத் தவிர வேறொன்றுமில்லை'. 'பட் ஃபார் தி ரெயின், வி வுட் ஹாவ் ரீச்ட் வாளையாறு பை நூன்' என்றால் 'மழை மட்டும் இல்லாதிருந்தால் நண்பகலுக்குள் வாளையாற்றை அடைந்திருப்போம்'. 'நாட் ஒன்லி' என்று தொடங்கி 'பட் ஆல்ஸோ' என்று தொடர்ந்தால், அது முரண் அன்று. 'இது மட்டுமன்றி அதுவும்' என்று கூட்டிச் சொல்லுதலே ஆகும்.

எல்லைப்புறத்துத் தமிழர்க்கு இதில் ஒரு நன்மையும் உண்டு, ஒரு மயக்கமும் உண்டு. அவர்கள் காதில் மலையாளமும் நாளெல்லாம் ஒலிக்கிறது. 'மழ பெய்தாலும்' என்று மலையாளிகள் சொல்லும்போது அதே 'ஆலும்' ஈறு அங்கும் இருப்பதைக் காண்கிறோம். நம் 'எனினும்' என்பதற்கு ஈடாக அவர்கள் 'எங்கிலும்' என்பார்கள். 'ஆனால்' என்பதற்கு ஈடாகப் 'பக்ஷே' என்றும் 'என்னால்' என்றும் சொல்வார்கள். புதிதாகச் சென்ற தமிழர், 'என்னால்' என்ற சொல்லைக் கேட்டு, 'இவரால் என்ன ஆயிற்று?' என்று திகைப்பதுண்டு. கொழிஞ்சாம்பாறையிலும் மீனாட்சிபுரத்திலும் பிறந்த சிறுவர் சிறுமியர் இம்மயக்கம் இன்றி வளர்கின்றனர். ஒரே கருத்துக்கு இரு மொழிகளில் இரு வடிவங்கள் இருப்பதை அறிந்த அவர்களுக்கு மூன்றாம் மொழியின் வடிவத்தைக் கற்பித்தல் கடினமன்று. ஆயினும் தமிழும் மலையாளமும் வினையை இறுதியில் நிறுத்தும் மொழிகளாதலின், ஆங்கில வாக்கியத்தின் கடைசிப் பகுதியையே தீர்ப்பாகக் கொள்ளும் பழக்கம் அவர்களிடமும் இருக்கக்கூடும். ஆசிரியர்கள் இதனைக் கருத்தில் கொள்ளுதல் நலம்.

சட்டத்தின் மொழிக்கு வருவோம். அங்கு முரணைக் காட்டும் சொற்கள் இரண்டு சிறப்பாக ஆளப்படுகின்றன. ஒன்று 'நாட்வித்ஸ்டாண்டிங்', 'எது எவ்வாறிருப்பினும்' என்பது அதன் பொருள். நம் அரசியலமைப்பின் 343-ஆம் பிரிவின் முதற்கூறு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்கிறது. இரண்டாம் கூறு இச்சொல்லோடு தொடங்கி, முதற்கூறு எது சொல்லினும் பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடரும் என்கிறது. அக்காலவரை 1965-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் முடிவதாக இருந்தது. அதற்கு முன்பே 1963-இல் ஆட்சிமொழிகள் சட்டம் இயற்றப்பட்டது. அதன் மூன்றாம் பிரிவும் அதே சொல்லோடுதான் தொடங்குகிறது: பதினைந்து ஆண்டுகள் கடந்துவிட்டபோதிலும் இந்தியோடு ஆங்கிலமும் தொடரலாம் என்கிறது. மைய அரசின் அலுவலகங்களில் இன்றும் ஆங்கிலம் வழங்குவது இந்த 'இருப்பினும்' என்ற சொல்லைச் சார்ந்தே ஆகும்.

மற்றொரு சொல் 'ப்ரொவைடட்'. அன்றாடப் பேச்சில் இதற்கு 'என்னும் நிபந்தனையின் பேரில்' என்று பொருள். 'யு கேன் கோ, ப்ரொவைடட் யு ரிட்டர்ன் பை சிக்ஸ்' என்றால், ஆறு மணிக்குள் திரும்பி வருவதானால் போகலாம். ஆனால் சட்டப் பிரிவின் அடியில் 'ப்ரொவைடட் தட்' என்று புதிய பத்தி தொடங்கினால், அது பெரும்பாலும் மேலே சொன்ன விதிக்கு விலக்குக் கூறுவது. சட்டத்தமிழில் இதனை 'வரம்புரை' என்பர். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் தோட்டங்களுக்கும் பொருந்துவதாக இருந்தது. பணிக்கொடை பெற ஐந்து ஆண்டுகள் தொடர்பணி வேண்டும் என்று அது விதித்தது. உடனே வரம்புரை ஒன்று வந்தது: இறப்பினாலோ உடல் ஊனத்தினாலோ பணி முடிந்திருப்பின் ஐந்து ஆண்டுகள் நிறைவெய்த வேண்டுவதில்லை. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவ்விலக்கு இடம்பெற்றுள்ளது. விதியை மட்டும் படித்துவிட்டு வரம்புரையைப் படிக்காமல் விட்டால், மூன்றாண்டு உழைத்து இறந்தவரின் மனைவி தனக்கு ஒன்றுமில்லை என்று எண்ணிப் பேசாதிருந்துவிடுவாள். அவளுக்கு உரியதைத் தருவது அந்த வரம்புரையே.

இவ்வளவும் சொன்ன பின், நடைமுறைக்கு உதவும் சில குறிப்புகளைத் தொகுத்துக் கூறுகிறேன்.

ஆங்கிலக் கடிதம் வந்தவுடன் அதன் கடைசி வரியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு முரண் காட்டும் சொற்களின் கீழ் முதலில் கோடிடுங்கள். அச்சொல் 'பட்' அல்லது 'ஹவெவர்' ஆயின், அதற்குப் பின் வருவதில் தீர்ப்பைத் தேடுங்கள். 'ஆல்தோ', 'தோ', 'டெஸ்பைட்' ஆயின், அச்சொல் தலைமை தாங்கும் பகுதியை அடைப்புக் குறிக்குள் இட்டுவிட்டு, மிஞ்சி நிற்பதைப் படியுங்கள். மிஞ்சி நிற்பதே தீர்ப்பு. பிறகு வாக்கியம் முழுவதையும் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்போது விட்டுக்கொடுத்த பகுதியை முன்னே கொண்டுவந்து, தீர்ப்பை இறுதியில் நிறுத்துங்கள். தமிழில் ஒழுங்காக ஒலித்தால் பொருளைச் சரியாகக் கொண்டீர்கள் என்று பெரிதும் நம்பலாம்.

நீங்கள் எழுதும்போது, எதனை வேண்டுகிறீர்களோ அதனை 'ஆல்தோ' இல்லாத பகுதியில் வையுங்கள். 'ஐ ஹாவ் நாட் ரிசீவ்ட் மை பென்ஷன், ஆல்தோ ஐ அப்ளைட் இன் மார்ச்' என்றால் ஓய்வூதியம் வராத குறை முன்னே நிற்கிறது. சொற்களை மாற்றி, 'ஆல்தோ' என்பதை ஓய்வூதியத்தின் தலையில் வைத்துவிட்டால், படிக்கும் அலுவலர் 'இவர் மார்ச்சு மாதத்தில் விண்ணப்பித்தாராம்' என்று மட்டும் எண்ணி அடுத்த தாளுக்குப் போய்விடக்கூடும்.

ஆங்கிலத்தில் எழுத இயலாதவர் வாய்மூடி இருக்க வேண்டும் என்பதில்லை. அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு, ஒன்றியத்திலோ அந்தந்த மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் தம் குறையை எழுதி முறையிடும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளித்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் அமைந்தபோது, சென்னை மாநிலத்திலிருந்த பாலக்காடும், திருவிதாங்கூரின் பகுதியாக இருந்துவந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் அதில் அடங்கின. பின்னர் 1969-இல் இயற்றப்பட்ட கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி, அங்குள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையோர் அரசோடு தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தவும், மறுமொழியை அம்மொழியிலேயே பெறவும் வழிசெய்யப்பட்டது. உரிமை இருப்பதை அறிந்து அதனைக் கேட்டுப் பெறுதல் நம் கடமை. ஆயினும் வந்த ஆங்கிலக் கடிதத்தைத் தாமே படித்தறியும் திறனும் வீட்டில் ஒருவருக்கேனும் இருத்தல் வேண்டும்.

அன்று மாலை அம்முதியவரின் கடிதத்தை அவர் பேரனையே மீண்டும் படிக்கச் சொன்னேன். 'ஆல்தோ' என்ற சொல்லின் கீழ்க் கோடிட்டு, அதற்குப் பின் உள்ளதைக் கையால் மறைத்துக்கொண்டு, மீதியைத் தமிழில் சொல்லச் சொன்னேன். "தாத்தா, உங்க கோரிக்கையை ஏத்துக்கிட்டாங்க" என்றான் அவன். முதியவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ அந்தக் காகிதம்?" என்று கேட்டார். "அது வராட்டியும் பரவாயில்லையாம்" என்று பேரன் மறுமொழி கூறினான்.

மறுநாள் காலை முதல் வண்டியிலேயே இருவரும் புறப்பட்டுச் சென்றனர். நாளும் அப்போது ஐந்தே மிஞ்சியிருந்தது.